பால் கூடின டீ, நனைஞ்ச செங்கல்

அம்மா கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. முப்பத்தோரு வருஷம் கடிகாரங்களோடு வேலை பார்த்தவர், பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பார். மோதிரம் கிடையாது. வளையல் கிடையாது. சட்டைக் கையில் பொத்தான்கூட ஆகாது என்று உள்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்வார்.

"ஒரு கீறல் இருந்தா, அது அவங்க கொண்டு வந்ததா, என் வளையல் போட்டதான்னு யார் சாட்சி சொல்றது?" என்பார்.

விலை உயர்ந்த கடிகாரங்களைப் பழுது பார்க்கும் நிலையம் அது. இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல், ஜன்னலோரம் அம்மாவின் மேசை. அதன் மேல் சாம்பல் நிறக் கம்பளித் துணி விரித்த ஒரு தட்டு. வருகிற கடிகாரத்தை அந்தத் தட்டில் வைத்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, எங்கே கீறல், எங்கே பள்ளம், கண்ணாடி எப்படி, நிறம் எப்படி என்று எழுதி வாங்குவதுதான் அம்மாவின் வேலை. பின்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதோடு சரி; கழற்றுவது, மாட்டுவது, மெருகு போடுவது எல்லாம் உள்ளறையில் மற்றவர்கள். வாசலில் நடப்பதை எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா. எல்லோருக்கும் அவர் 'லென்ஸ் அக்கா'.

படிவத்தில் நிறத்துக்கு மூன்றே கட்டங்கள்: மஞ்சள், வெள்ளை, ரோஸ். அம்மாவுக்கு அது போதவில்லை. ரோஸ் கோல்டு என்று வரும் பத்துக் கடிகாரத்தில் பத்தும் பத்து நிறம் என்பது அவர் கட்சி. அதனால் குறிப்புப் பகுதியில் தன் பாஷையில் எழுதுவார். 'உரிச்ச வெங்காயத்தின் ரெண்டாவது தோல்.' 'காய்ச்சல் வந்த குழந்தைக் கன்னம்.' 'நனைஞ்ச செங்கல்.' 'பால் கூடின டீ.' மாலை நாலு மணிக்கு மேல் வந்தால் நிறம் எழுத மாட்டார். விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும் என்பார். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "கீறல் எல்லாம் இப்ப எழுதிடறேன். நிறம் மட்டும் நாளைக்குக் காலையில பாத்து எழுதி, போன்ல சொல்றேன்" என்பதுதான் பதில். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

மகள் உலோகவியல் படித்தவள். இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா கேட்டார்.

"ஏண்டி, ரோஸ் கோல்டு நாள்பட நிறம் மாறுமா?"

"தங்கம் மாறாதும்மா. அது எதோடயும் சேராது. புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகம் குளிக்குமா? வேர்க்குமா? கை கழுவுமா?"

"முக்கால்வாசி தங்கம்மா அது. மிச்சம் செம்பு, கொஞ்சம் வெள்ளி. தங்கத்துக்குள்ள செம்பு பத்திரமா இருக்கும்."

"பத்திரமா இருக்கிறது உள்ள இருக்கிற செம்பு. மேல இருக்கிறது?"

மகள் சிரித்தாள். நிறத்தை அளக்க மூன்று எண்கள் உண்டு, வெங்காயமும் செங்கல்லும் தேவையில்லை என்று விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் மூணு நம்பரைச் சொன்னா வந்தவங்களுக்கு மனசு ஆறுமா?" என்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். எதையும் உள்ளே போய்த்தான் பார்ப்பாள் என்று, அன்றிலிருந்து மகளுக்கு வீட்டில் 'எக்ஸ்ரே' என்று பெயர். பிறகு அவள் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பாலத்து போல்ட்டையும் கொதிகலன் குழாயையும் சோதிக்க ஆரம்பித்தபோது, அக்கம்பக்கத்தில் அம்மா பெருமையாகச் சொன்னதும் அதைத்தான்: "எங்க எக்ஸ்ரேக்கு வேலை கிடைச்சிருச்சு."

இரண்டு வருஷத்துக்கு முன் நிலையத்தில் காகிதப் படிவம் போய் கணினி வந்தது. முதல் வாரமே அம்மா மகளுக்கு போன் செய்தார்.

"என் எழுத்தை முழுங்குதுடி."

"எது?"

"இந்தக் குறிப்புப் பெட்டி. பாதியில நின்னு போகுது. மேல எழுதினா ஏற மாட்டேங்குது."

மகள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பெட்டிக்கு நாற்பது எழுத்துதான் அளவு, இடைவெளியும் புள்ளியும் சேர்த்து. அன்று அவளுக்கு வேலை தலைக்கு மேல்.

"சுருக்கமா எழுதும்மா. கதை எழுதாதே. யாரும்மா அதையெல்லாம் படிக்கப் போறாங்க?"

"சரிடி," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அம்மா மேசையிலிருந்தே மருத்துவமனைக்குப் போனார். இருதயம். பதினோரு நாள் இருந்தார். மகள் கூடவே இருந்தாள். பேச முடிந்த நாட்களில் அம்மா வேலையைப் பற்றித்தான் பேசினார். பல் டாக்டர் ஒருவரின் கடிகாரத்தை வாங்கி வைத்ததாகவும், அதற்கு எழுதியது சரியாக ஏறியதா என்று தெரியவில்லை என்றும் ஒரு முறை சொன்னார். மகள் மருந்துக் குழாயில் சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கம்மா" என்றாள்.

அம்மா இறந்து மூன்று வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டு போக வேண்டும் என்றார்.

"இன்னொரு விஷயமும் இருக்கும்மா. நேர்ல சொல்றேன்."

நேரில் சொன்னார். அம்மா கடைசியாக வாங்கி வைத்த கடிகாரம். ரோஸ் கோல்டு உடல், ரோஸ் கோல்டு சங்கிலி, பெண்கள் கட்டுவது. உரிமையாளர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். கடிகாரம் காலமான அவர் மனைவியுடையது. வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது என் மனைவியின் கடிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டாராம். வெளிக்கூட்டை மாற்றிவிட்டீர்கள் என்று புகார் எழுதி, சாட்சிக்குக் கடிகாரத்தையும் தன்னிடமே வைத்திருக்கிறார்.

"வரிசை எண் சரியா இருக்குமே?" என்றாள் மகள்.

"இருக்கு. எண்ணை எவன் வேணும்னாலும் வெட்டிக்கலாம்னு சொல்றார்." மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தலைமை அலுவலகத்துல காரணம் கேக்கறாங்க. அம்மா அந்த வாரம் உடம்பு சரியில்லாமதான் வந்துட்டிருந்தாங்க. ரெண்டு கடிகாரத்தோட பாகம் கலந்திருக்கலாம்... பதிவு செய்தவர் தவறுன்னு ஒரு வரி எழுதினா விஷயம் முடிஞ்சுரும். இனிமே அவங்களை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லையே."

முப்பத்தோரு வருஷம் சட்டைப் பொத்தானைக்கூட நம்பாதவர். அவர் பெயருக்குக் கீழே கடைசியாக அந்த ஒரு வரி. இறந்தவரை யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். மகளால் அந்த உண்மையைத் தாங்க முடியவில்லை.

"ஒரு வாரம் கொடுங்க," என்றாள். "கடிகாரத்தை நான் சோதிச்சுப் பாக்கறேன்."

பல் மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: கடிகாரம் அவர் கண்ணை விட்டு மறையக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை அவரே பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைத்தடியைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷம் பல்லுக்குப் பல் நிறம் பாத்தவன்மா நான். ஒரு பல்லு அரை நிறம் மாறியிருந்தா கதவுக்கிட்டயே சொல்லிருவேன். இது வெளிறி இருந்துச்சு. இப்போ சிவந்து நிக்குது. புதுசு மாதிரி."

கதிர் பட்டால் எந்த உலோகம் எத்தனை பங்கு என்று சொல்லும் கருவி அது. மகள் முன்பக்கத்தைப் பார்த்தாள். பக்கவாட்டைப் பார்த்தாள். பின்மூடியை, சங்கிலியில் நாலு கண்ணியை, கொக்கியைப் பார்த்தாள். எல்லா இடத்திலும் தங்கம் எழுபத்தைந்து, செம்பு இருபத்தொன்றுக்கு மேல், மிச்சம் வெள்ளி. கடுகளவு வித்தியாசம் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

"எல்லாம் ஒரே உலோகம் சார். கூடு மாறலை."

அவர் கைத்தடியால் திரையைச் சுட்டினார்.

"ஒரே உலோகம்னா ஒரே கடிகாரமா? என் பல்செட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டும் ஒரே பொருள்தான். மாத்திப் போட்டுக்குவோமா?"

நியாயமான கேள்வி. அவளே இன்னொருவர் அறிக்கையைப் படித்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள். நிறம் மாறியிருக்கிறது என்று கண் சொல்கிறது. ஒன்றும் மாறவில்லை என்று எண் சொல்கிறது. அவர் எழுந்து, கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்து புகார்ல கையெழுத்துப் போடறேன். உங்க மேல கோபமில்லைம்மா. உங்கம்மா மேலயும் இல்லை. ஆனா என் வீட்டுக்காரி கட்டினது எனக்கு வேணும்."

வீட்டுக்கு வந்து, மூன்று நாளாகத் தொடாமல் வைத்திருந்த பையைத் திறந்தாள். அம்மாவின் இழுப்பறைச் சாமான்கள். லென்ஸ். மடித்த சாம்பல் துணி. ஒரு சீப்பு. அடியில் கனமான அட்டை போட்ட நோட்டு.

நோட்டு இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கியிருந்தது. அவள் போனில் அறிவுரை சொன்ன அதே வாரம். பெட்டியில் ஏறாததை அம்மா விட்டுவிடவில்லை; முழுவதையும் முதலில் இதில் எழுதி, பிறகு கணினியில் அடித்திருக்கிறார். நாள், பதிவு எண், குறிப்பு. ஒரு வரி அடித்தல் இல்லை. அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அந்த வியாழக்கிழமை.

'முன்பக்கம் பால் கூடின டீ. பின்மூடி உள்ளே நனைஞ்ச செங்கல். பதினெட்டு வருஷ நீச்சல்குளத் தண்ணி. அந்தம்மா தினமும் காலையில் நீந்துவாங்களாம், இவர் துண்டோடு கரையில் நிப்பாராம். இந்த நிறம் அவங்க போட்டது. மெருகு போடக் கூடாது. உள்ளே சுத்தம் செஞ்சா போதும்.'

அவள் விரலை வைத்து எண்ணினாள். நாற்பதாவது எழுத்து 'பதினெ' என்பதில் முடிந்தது.

கணினியில் ஏறியது அதுவரைக்கும்தான். இரண்டு நிறமும், ஒரு முறிந்த சொல்லும்.

எல்லாம் வரிசையாக விளங்கியது. குளத்து நீரில் கிருமிக்குப் போடும் மருந்து செம்பைத் தின்னும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. பதினெட்டு வருஷம் தினமும் ஒரு மணி நேரம் நனைந்தால், மேல்தோலில் இருந்த செம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், தங்கம் மிஞ்சும், சிவப்பு வெளிறும். மூடிக்குள் தண்ணீர் புகாத இடத்தில் பழைய சிவப்பு அப்படியே நிற்கும். அந்த வெளிறிய தோல் ஒரு முடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு மெருகு போட்டால் அது போய்விடும், அடியிலிருந்த சிவப்பு வெளியே வரும். தோல் இருந்திருந்தாலும் அவளுடைய கருவி அதைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கும். கண் தோலைப் பார்க்கிறது. தோலில் இருந்ததை அம்மா எழுதினார்.

பத்திரமா இருக்கிறது உள்ள இருக்கிற செம்பு. மேல இருக்கிறது?

இரண்டாம் வருஷப் பாடத்தில் அவள் தோற்றுப்போய் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

திங்கள் காலை பத்து மணி. வடக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம். மகள் சாம்பல் துணியைத் தட்டில் விரித்து, கடிகாரத்தை வைக்கச் சொன்னாள். மேனேஜர் ஒரு பக்கம், பல் மருத்துவர் எதிரே. உள்ளறையிலிருந்து மெருகு போடுகிறவரையும் கூப்பிட்டிருந்தாள். இருபது வருஷமாக அம்மா எழுதியதைப் படித்து வேலை செய்தவர். அம்மாவை அக்கா என்பார், அவளுக்கு மாமா.

அவள் நோட்டைப் படித்தாள். 'துண்டோடு கரையில்' என்ற இடத்தில் பல் மருத்துவர் கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார். 'மெருகு போடக் கூடாது' என்ற இடத்தில் மெருகுக்காரர் முகம் செத்துப்போனது.

"நான்தான்," என்றார். "நான்தான் தேய்ச்சேன்."

யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"திரையில பால் கூடின டீ, நனைஞ்ச செங்கல்னு மட்டும் இருந்துச்சு. வேற யாராவது எழுதியிருந்தா, என்னடா உளறல்னு போய்க் கேட்டிருப்பேன். அக்கா பாஷை எனக்குத் தெரியுமே. வெளியே வெளிறிப் போச்சு, உள்ளே சரியா இருக்கு, வெளியையும் அப்படி ஆக்குன்னு சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டேன். அக்கா ஆஸ்பத்திரில இருக்காங்க. திரும்பி வந்து பாத்தா, 'பரவாயில்லடா, சொல்லாமயே புரிஞ்சுக்கிட்டியே'ம்பாங்கன்னு..." தட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நாள் எடுத்துத் தேய்ச்சேன் சார். சாதாரணமா அரை நாள் வேலை."

மேனேஜர் வாயைத் திறந்தார். பல் மருத்துவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தத் துண்டு விஷயம் உங்கம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றார் மகளிடம். "என் பிள்ளைகளுக்கே தெரியாது. அன்னிக்கு அரை மணி நேரம் பேசிட்டே இருந்திருக்கேன். லென்ஸைக் கழட்டிக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"எங்ககிட்டயும் சொல்லலை சார்."

அவள் சங்கிலியை வளைத்துப் பிடித்தாள். கண்ணிகள் ஒன்றோடொன்று மடங்குகிற இடுக்கில் மெருகுச் சக்கரம் போகாது. தண்ணீர் போகும். லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

"இந்த இடுக்குல பாருங்க. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்க."

லென்ஸைப் பிடிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணி, அடுத்த கண்ணி, அதற்கடுத்தது.

"இதுதான்," என்றார். "இதேதான். கடவாய்ப் பல்லுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டிருக்கு." பிறகு, "மேல போனது திரும்பி வருமா?"

"தேய்ச்சது வராது. மறுபடி குளத்துல நனைஞ்சா மெதுவா வெளிறும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்."

"எனக்கு எழுபத்தெட்டு. நீச்சலும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கரையில ஏன் நிக்கறேன்?"

முதலில் மெருகுக்காரர்தான் சிரித்தார். சிரிப்பும் அழுகையுமாக ஏதோ வந்தது. பல் மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார்.

"வேலை சுத்தம்யா. பல்லா இருந்தா உன்னைப் பாராட்டி அனுப்பியிருப்பேன். இனிமே அந்த இடுக்குல கை வைக்காதே."

"என் உயிர் போனாலும் வைக்க மாட்டேன் சார்."

கையெழுத்துப் போட வந்த புகாரை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது அம்மாவின் நாற்காலிக்கு முன் ஒரு கணம் நின்றார். நின்ற விதம் ஒருவர் முன் நிற்பதுபோல இருந்தது. "நன்றி சொல்லாமயே போயிட்டேன் அன்னிக்கு," என்றார். மகளுக்கும் சொல்ல அதுவேதான் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

அந்த ஒரு வரி எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் குறிப்புப் பெட்டியின் அளவு நானூறு எழுத்து ஆனது.

மகள் அனுமதி கேட்டு மூன்று சனிக்கிழமை காலைகளில் வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் பாதியில் நின்றுபோன குறிப்புகளையெல்லாம் நோட்டைப் பார்த்து முழுமையாக அடித்தாள். மெருகுக்காரர் டீ கொண்டு வந்து வைத்து, பின்னால் நின்று படிப்பார். "இது அந்த வக்கீலம்மா கடிகாரம்" என்பார். "பாருங்க, என்னமா சொல்லியிருக்காங்க, துரு புடிச்ச சூரியனாம்!" முதல் சனிக்கிழமை மகள் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் அந்த மேசையில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை.

மொத்தம் அறுநூற்றுப் பதினேழு குறிப்புகள். கடைசிச் சனிக்கிழமை எல்லாம் ஏறிய பிறகு, பழக்கதோஷம், எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள். கதை எழுதாதே என்று அவள் சொன்ன அம்மாவின் குறிப்புகளில் ஆக நீளமானது அந்தக் கடைசிக் குறிப்புதான். இடைவெளியும் புள்ளியும் சேர்த்து நூற்று ஐம்பத்தாறு.